வாப்பாவின் கொப்பி

கடந்த வருடம் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு தேடினோம். வாப்பாவின் கடை ஹட்டன் நகரில். அங்கே இரண்டு அறை வீட்டுக்குக் கேட்ட விலைக்குத் தலவாக்கலையில் முற்றத்தோடு மூன்று அறை வீடு கிடைத்தது. தூரம் 20 கிலோமீற்றருக்குள்தான். ஆனால் மலைநாட்டில் கிலோமீற்றரை நம்பக் கூடாது.

வாப்பா ஒரு வாரம் கடை பூட்டியதும் தலவாக்கலைக்குப் போய்த் திரும்பினார். நேரத்தைக் கடைக் கொப்பியில் எழுதினார். நல்ல நாளில் 50 நிமிடம். சென் கிளேயர் பக்கம் பனிமூட்டம் இறங்கினால் ஒன்றே கால் மணித்தியாலம். பஸ்ஸுக்குக் காத்து நின்றதையும் சேர்த்திருந்தார். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சிங்கமலைச் சுரங்கம் வழியாகக் கோச்சியும் போகிறது. கடை நேரத்துக்கு ஒத்துவரவில்லை.

உம்மா கொப்பியைப் பார்த்தார். "பனி நாள்ல போகவர ரெண்டரை மணித்தியாலம். நீங்க வரக்குள்ள சின்னவன் தூங்கியிருப்பான்."

லயத்திலிருந்து வரும் என் தோழியிடம் இதைச் சொன்னேன். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குப் பத்து நிமிட நடை. லயங்களை வேலைக்குப் பக்கத்தில்தான் கட்டினார்கள். வீடுதான் அவர்களுக்குச் சொந்தமில்லை. வீட்டுத் திட்டத்தில் காணி கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். "கிட்டவா தூரமா என்று பார்க்க எங்களுக்கு இன்னும் முறை வரல்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹட்டன் வீட்டையே வாங்கினோம். நானும் ராத்தாவும் ஒரே மேசையில் படிக்கிறோம், தினமும் சண்டைதான். முற்றத்தில் வைக்க உம்மா ஆசைப்பட்ட ரோஜாக்கள் ஜன்னல் படியில் தொட்டிகளில் நிற்கின்றன. வாப்பா மஃரிபுக்கு வீட்டுக்கு வந்து, சின்னவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு, மறுபடி கடைக்குப் போகிறார்.