மிளகுக்கு ஒரு வீடு

 

லண்டனில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் வளர்க்கும் பல்லியின் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். "டீச்சர், நம்ம வீட்டுச் சுவரில் இல்லாத பல்லியா?" என்று ஒரு மாணவி. "பல்லிக்குப் போய் மூணடித் தொட்டியா ஆச்சி?" என்று உறவில் ஒருவர். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவளிடம் கேட்டால் சும்மா இருப்பேனா? பொறுமையாகப் படியுங்கள்.

இது சிறுத்தைப் பல்லி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலங்களில் வாழ்வது. 1854இல், கல்கத்தாவில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நம் சுவர்ப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது, இதற்கு உண்டு. விரலில் ஒட்டும் பட்டை இல்லாததால் சுவர் ஏறாது, தரையில்தான் நடக்கும். கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி என்பதால் பேரன் 'மிளகு' என்று பெயர் வைத்தான். அவனுக்கு இப்போது 12 வயது. அவன் வேலைக்குப் போகும் காலத்திலும் மிளகு இருக்கும்.

இங்கிலாந்தில் 2006இல் வந்த விலங்கு நலச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலங்கை விற்கக் கூடாது. பிள்ளை வளர்த்தாலும் பொறுப்பு பெற்றவர்களுக்குத்தான். தகுந்த இருப்பிடம் தருவது அந்தப் பொறுப்பில் ஒன்று. ஆனால் எது தகுந்த இருப்பிடம்?

முதலில் கடையில் கொடுத்தது ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, ஒரு சிவப்பு பல்பு, ஒரு பை மணல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குளிர்காலம் வந்தது. அங்கே வீடு முழுக்க ஹீட்டர் ஓடுவதால் காற்று காய்ந்துவிடும். மிளகு தோல் உரித்தபோது விரல்களில் மட்டும் பழைய தோல் கழலவில்லை. அது காயக் காய நூல் கட்டியதுபோல் இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பிறகு விரலே விழுந்துவிடும். "ஆயா, விரல் விழுந்துடுமா?" என்று வீடியோ காலில் அழுதான். "பிய்த்து இழுக்காதே, உடனே டாக்டரிடம் போங்கள்" என்றேன்.

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, ஈரப் பஞ்சால் உருட்டி உருட்டித் தோலை எடுத்தார். ஒரு விரல் நுனி போய்விட்டது, மற்றவை தப்பின. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "இதற்கு ஈரம் வேண்டுமென்றால் அந்தத் தொட்டியில் எங்கே போகும்?"

அதன்பிறகுதான் இப்போதுள்ள வீடு. நீளம் 90 சென்டிமீட்டர், அகலமும் உயரமும் 45. ஒரு ஓரத்தில் பல்புக்குக் கீழே தட்டைக் கல்; அதன் மேல் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூடு. மறு ஓரம் 24 முதல் 26. சூடு எல்லை மீறாமல் இருக்கத் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொந்து. நடுவில் மூன்றாவதாக, வாசல் வெட்டிய மூடிபோட்ட டப்பா. உள்ளே ஈரப் பாசி. இரவில் விளக்கு எரியாது. மணலைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான கல் பதித்தார்கள். "ஆத்தங்குடிக் கல் அனுப்புங்க ஆயா" என்று கேட்டான். கண்ணாடிமேல் வார்த்த வழவழப்பில் மிளகு சறுக்கும் என்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவிய சுவர்க்கோழிப் பூச்சிகள். துணைக்கு இன்னொரு பல்லி வேண்டாம். அது தனியாக இருப்பதையே விரும்பும்.

நம் செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் வளவுப் பத்தியில் பாய் விரிப்போம். மார்கழிக் காலையில் முற்றத்து வெயிலுக்கு நகர்வோம். மழையென்றால் இரண்டாங்கட்டு. இங்கேதான் உட்கார வேண்டும் என்று வீடு நம்மைக் கட்டிப்போடவில்லை. பல்லிக்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது. இடம் மாறித்தான் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அதனால் அதற்கு நகர இடம் தருவதுதான் வசதி. மிளகு இப்போது காலையில் குளிர்ப் பொந்து, சாயங்காலம் கல், தோல் உரிக்கும் முன் தானாகவே ஈர டப்பா என்று போய்வருகிறது. அதன்பிறகு விரலில் தோல் ஒட்டவே இல்லை.

"இங்கேயும் வாங்கலாமா டீச்சர்?" என்று இருவர் தனியாகக் கேட்டீர்கள். இதன் உறவினங்கள் நம் காடுகளிலும் உண்டு. சாத்பூரா மலைப்பகுதி இனத்துக்கு 2014இல்தான் பெயர் வைத்தார்கள். விற்பவர் பேச்சை நம்பி வாங்காதீர்கள், முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதையும் நினைவில் வையுங்கள்.

நாய், கோழி வளர்ப்பவர்கள் இன்று மதியம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டிய இடத்தில், அடைத்த கூண்டில், நகர்ந்து போக நிழல் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு கீற்றாவது சாய்த்து வையுங்கள்.

பள்ளத்தூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.