ஆயிரம் வார்த்தை வேகம்

பி.காம். முடித்துவிட்டு பத்து நாள் வீட்டில் சும்மா இருந்து பாருங்கள். எதிர்வீட்டு மாமா, "டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியாச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார். அரசாங்கப் பரீட்சையில் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அதற்காக 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று சுண்டுவிரல் வீங்கத் தட்டிய ஒருவராவது இல்லாத குடும்பம் உண்டா?

இப்போது அதற்கும் ஆள் வந்தாச்சு. பெயர், எக்ஸ்டூடூல். லினக்ஸ் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற குட்டிக் கருவி. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் போதும். கீபோர்டை யாரும் தொடாமலே எழுத்துகள் கொட்டும். திரையை நிர்வகிக்கும் மென்பொருளிடம் போய், "இந்தக் கீயை அழுத்தினார்கள், இப்போது விட்டுவிட்டார்கள்" என்று கூசாமல் சாட்சி சொல்லும். பாவம், அதுவும் நம்பிவிடும். நாமாக மாற்றாதவரை, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே 12 மில்லி விநாடி. ஐந்து தட்டல் ஒரு வார்த்தை என்று கணக்குப் போட்டால், நிமிஷத்துக்கு 1000 வார்த்தை! மாமா மூர்ச்சையாகிவிடுவார்.

திருப்போரூரில் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறார். ஒரு கம்பெனியிலிருந்து 400 வாடிக்கையாளர் விவரங்கள் எக்செல் ஃபைலில் வந்தன. ஏற்ற வேண்டியதோ ஒரு பழைய மென்பொருளில். அதில் காப்பி-பேஸ்ட் கிடையாது, தட்டித்தான் ஆகவேண்டும். அந்த வேலையைச் செய்வது கடையில் இருக்கும் அக்கா. பதிவுக்கு ஒன்றரை ரூபாய் கூலி.

"ரெண்டே நாள்ல வேணுமாம்" என்று நண்பர் கையைப் பிசைந்தார். நான் கட்டளைகளைக் கோத்துக் கொடுத்தேன்: பெயரைத் தட்டு, டேப் அடி, விலாசத்தைத் தட்டு, என்ட்டர் அடி, அடுத்த ஆள். "ஓடுறப்ப யாரும் மவுஸைத் தொடாதீங்க" என்றும் சொல்லி வைத்தேன். எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதில்தான் எழுத்து விழும். வாட்ஸ்அப் திறந்திருந்தால் 400 பேரும் அங்கேயே போய்ச் சேர்வார்கள். 2024 டிசம்பரில் எங்கள் கந்தசாமி கோயில் உண்டியல் ஐபோன் விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? விழுந்தது விழுந்த இடத்துக்கே சொந்தம் என்றுதானே முதலில் சொன்னார்கள்! அந்தக் கதைதான்.

"இன்னா தம்பி இது, பேய் புடிச்ச மாதிரி அடிக்குது?" என்றார் அக்கா. சிரிப்பு வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. 400 பதிவு என்றால் 600 ரூபாயாயிற்றே.

ஆனால், திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நிறுத்துப்பா! '12-மார்ச், பள்ளிக்கூடத் தெரு'ன்னு ஒரு வூட்டு நம்பர் இருக்குமா?" என்றார். எக்செல்லின் கைங்கரியம் அது. கம்பெனிக்காரர்கள் 12/3 என்று கதவு எண்ணை அடிக்க, அது தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. நம்ம எக்ஸ்டூடூலுக்கு அதெல்லாம் தெரியுமா? மார்ச் என்றால் மார்ச். தேடிப் பார்த்தால் இப்படி 23 வீடுகள், ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை!

பொய்த் தட்டலுக்கு வேறு முகங்களும் உண்டு. 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதற்காக ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கீபோர்டாக வேஷம் போட்டு நாச வேலை செய்யும் யு.எஸ்.பி. குச்சிகளும் இருக்கின்றன. வேலண்ட் என்ற புதிய திரை ஏற்பாட்டில் எக்ஸ்டூடூலின் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை.

கடைக்கு வருவோம். தட்டியது மிஷின்தானே, சரிபார்த்ததற்குப் பதிவுக்கு முக்கால் ரூபாய் தருகிறேன் என்றார் நண்பர். 23 கதவு எண்களையும் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டுத் திருத்தியது யார்? நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டார்.

"மிஷினுக்குக் கூலி கெடையாது இல்ல? அப்ப அதோட முக்காலையும் எங்கிட்டயே குடுங்கண்ணே."

600 ரூபாயும் வந்தது. "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று முனகியபடிதான் எண்ணிக் கொடுத்தார் நண்பர். அந்த அடுத்த தடவைதான் எனக்குக் கொஞ்சம் கவலை.