கேட்டவர் எழுந்து போனபின்

அக்கா மகள் நண்பர்களோடு சேர்ந்து பாட வீடியோக்களுக்கு ஒரு தளம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவர்களுடைய மாடி அறைக்குப் போனபோது மடிக்கணினித் திரை முழுக்க எரர். ஒரு நீளக் கோடு, எந்த முகவரியிலிருந்து வந்த கோரிக்கையில் கோளாறு என்று ஒரு வரி, அதன்கீழ் படிப்படியாக டிரேஸ்பேக், கடைசியில் ‘பிரோக்கன் பைப் எரர், எண் 32’. மறுபடியும் கோடு, மறுபடியும் அதே கதை.

“சர்வர் செத்துச் செத்துப் பொழைக்குதா மாமா?”

சாகவே இல்லை. அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு 200 என்று ஒழுங்காகவே பதில் போயிருந்தது. அந்த வரிகள்தான் டிரேஸ்பேக் இடுக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன.

பைத்தானோடு வரும் ஹெச்டிடிபி சர்வர் மாட்யூலின் மேல் கட்டிய சின்ன ஸ்கிரிப்ட் அது. வீடியோவை ஓட்டி, நடுவிலே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்ததும் டெர்மினலில் புதுக் குவியல். பிரவுசர் தனக்கு வேண்டாத கனெக்‌ஷனை மூடிவிடுகிறது. சர்வரோ கோப்பைத் துண்டு துண்டாகச் சாக்கெட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. சாப்பிட வந்தவர் எழுந்து போனபின்னும் இலையில் சாம்பார் ஊற்றும் பந்திக்காரர் மாதிரி. மறுமுனையிலிருந்து ரீசெட் வரும், அடுத்து எழுதும்போது பிழை விழும். நேரத்தைப் பொறுத்து 32 வரும், அல்லது ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்று லினக்ஸில் 104, மேக்கில் 54, விண்டோஸில் 10054. சி மொழியில் எழுதியதாக இருந்தால் சிக்பைப் சிக்னல் நிரலையே சாய்த்திருக்கும். பைத்தான் தொடக்கத்திலேயே அந்தச் சிக்னலை ஒதுக்கிவிடுவதால் இது வெறும் எக்ஸெப்ஷனாக வருகிறது.

கூட இருந்த பையன் ஏற்கெனவே ஒரு வைத்தியம் வைத்திருந்தான்: ஸ்டாண்டர்ட் எரர் முழுவதையும் டெவ்நல்லுக்குத் திருப்பிவிடுவது. ஓட்டிக் காட்டினான். திரை துடைத்துவிட்டது போல ஆனது. 200, 404 வரிகளும் சேர்ந்தே காணாமல் போயின. இந்த மாட்யூல் தன் வழக்கமான லாக்கையும் அதே வழியில்தான் எழுதுகிறது. எனக்கு இந்த வைத்தியத்தில் துளியும் உடன்பாடில்லை.

சத்தம் கிளம்புகிற இடம் சாக்கெட்சர்வர் மாட்யூலில் இருக்கும் ஹேண்டில் எரர் என்ற மெத்தட். அதை நம் சர்வர் கிளாஸில் மாற்றி எழுதலாம். 2012இல் வந்த பைத்தான் 3.3 இந்த வகைப் பிழைகளையெல்லாம் கனெக்‌ஷன் எரர் என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்துவிட்டதால், எண்களை ஒப்பிடவும் வேண்டாம். ஜாங்கோவின் ரன்சர்வரும் இதையேதான் செய்கிறது: ஆள் போய்விட்டால் ஒரு வரி, மற்றதற்கு முழு டிரேஸ்பேக். அவளும் அப்படியே எழுதினாள். வீடியோவை இழுத்தாள். டிரேஸ்பேக் இல்லை, ஒரே ஒரு வரி.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மாட்டியிருப்பார்கள். அதே ஸ்கிரிப்ட், மதிப்பெண்களை இன்னொரு சேவையிடமிருந்து யூஆர்எல்லிப் மூலம் வாங்குகிறது. கேட்டதும் பதில் தராமல் கனெக்‌ஷனை மூடிவிடும் ஒரு போலிச் சேவையை எழுதி, மதிப்பெண் பக்கத்தைத் திறந்தோம். பிரவுசரில் வெற்றுப் பதில் என்று புகார். டெர்மினலில் டிரேஸ்பேக் இல்லை, ஆள் போய்விட்டதாக அதே ஒரு வரிதான். அந்தச் சேவை கைவிட்டதற்குப் பைத்தான் எழுப்புவது ‘ரிமோட் டிஸ்கனெக்டட்’. அதுவும் கனெக்‌ஷன் ரீசெட் எரரின் வாரிசுதான். பிரவுசர் போனதும், நாம் நம்பியிருந்த சேவை கைவிட்டதும் வகையைப் பார்த்தால் ஒன்றே. ஜாங்கோ இதில் சிக்குவதில்லை. வியூவுக்குள் எழும் பிழையை அது உள்ளேயே பிடித்து 500 ஆக்கி, லாக்கிலும் எழுதிவிடுகிறது. சர்வர் மட்டத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை.

அதனால் மதிப்பெண் கேட்கும் வரிகளைச் சுற்றித் தனியாக டிரை போட்டோம்: பிழையை முழுதாக லாக்கில் எழுதி, பிரவுசருக்கு 502 அனுப்பு. இனி மேலே வந்து சேரும் கனெக்‌ஷன் எரர் பிரவுசர் பக்கத்தது மட்டும். போலிச் சேவையை மறுபடி ஓட்டியதும் 502ம் டிரேஸ்பேக்கும் வந்தன. வீடியோவை இழுத்தால் ஒரே ஒரு வரி.

“அந்த ஒரு வரியும் எதுக்கு மாமா?”

இருக்கட்டும் என்றேன். பதில் கிளம்பும் முன்பே ஆள் போய்விட்டால், என்ஜின்எக்ஸ் அதற்கென்று 499 என்ற சொந்த எண்ணே வைத்து, எந்தப் பக்கம் என்பதோடு அக்சஸ் லாக்கில் எழுதுகிறது. ஒரே பக்கத்துக்கு 499 குவிந்தால் ஆட்கள் காத்திருக்க முடியாமல் போகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். முதலில் அந்தப் பக்கத்தின் டேட்டாபேஸ் குவெரியைப் பார்க்க வேண்டும்.