கண்ட எண்ணும் ஏட்டெண்ணும்

பருவ விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகள், ஒரு நாள் மாலை, தன் சோதனைக் குறிப்பேட்டை என் முன் விரித்து வைத்தாள். அவள் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நவீன பௌதிகம் பயில்பவள். பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதியதால் அத்தாள் மெலிந்து போயிருந்தது.

“மாமா, ஐந்து துளிகளை அளந்தேன். சராசரி 1.71 வருகிறது. புத்தகத்தில் இருப்பதோ 1.60. ஐந்தில் ஒன்றுதான் முரண்டு செய்கிறது. அதை விட்டுவிட்டால் 1.62 ஆகிவிடும். விட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள்.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வினா என் முன்னும் நின்றது. அன்று நான் எவரையும் கேளாமலே விடை எழுதிவிட்டேன்.

அச்சோதனை யாதென்று முதலில் கூறிவிடுகிறேன். மேலும் கீழுமாக இரண்டு உலோகத் தட்டுகள். இடையே சில மில்லிமீட்டர் வெளி. அவ்வெளியில் எண்ணெயைப் புகைபோல் தெளிக்க வேண்டும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்த்தால், ஒளி பட்ட துளிகள் கார்கால இரவின் விண்மீன்களைப் போல மினுங்கும். ஒரு துளியின் பருமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்களவே இருக்கும். காற்று தாங்குவதால் அது மிக மெல்ல இறங்கும். தட்டுகளில் மின்சாரம் பாய்ச்சியவுடன், மின்னேற்றம் கொண்ட துளி இறங்குவதை விட்டு மேலே ஏறும். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் குறித்துக்கொண்டால், அத்துளி சுமக்கும் மின்சாரம் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

எத்தனை துளிகளை அளந்தாலும், அந்த மின்சாரம் ஒரே சிற்றளவின் முழு மடங்காகவே வரும். ஒன்று, இரண்டு, மூன்று என வருமேயன்றி ஒன்றரை வாராது. காசுக்குக் கீழே சில்லறை இல்லாதது போல, இதற்குக் கீழே மின்சாரத்திற்குச் சில்லறை இல்லை. அதுவே எலக்ட்ரானின் மின்னளவு. கூலோம் என்னும் அலகில், 1.6 என்ற எண்ணை, ஒன்றின் பின் 19 சுழிகள் இட்ட எண்ணால் வகுத்தால் வரும் அளவு அது. இதை 1909 முதல் 1913 வரை சிக்காகோவில் அளந்து நிலைநாட்டியவர் ராபர்ட் மில்லிகன். அதன்பொருட்டும் வேறோர் ஆராய்ச்சியின்பொருட்டும் 1923-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நான் மாணவனாக அவ்விருட்டறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்தேன். கண்கள் நீர் சொரிந்தன. பிடித்த துளிகள் பார்வையை விட்டு நழுவின. முடிவில் எனக்குக் கிடைத்தது 1.8. நானும் என் தோழனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஏட்டிலிருந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கேற்ற நேரங்களை எழுதி, 1.61 என்று முடித்தோம். முழு மதிப்பெண் கிடைத்தது.

அம்மாத இறுதியில் பத்து பாகாட் வட்டாரத்தில் இருந்த எங்கள் தோட்டத்திற்குச் சென்றேன். மதிப்பெண்ணைச் சொன்னேன். அதைப் பெற்ற திறத்தையும், சாமர்த்தியம் என்று எண்ணி, என் தாயிடம் சொன்னேன்.

என் தாய் பால்மரம் வெட்டியவர். எழுத்தறியாதவர், ஆயினும் நிறை அறிந்தவர். விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பாலைச் சேர்த்து, வாளி சுமந்து நிறுக்கும் கொட்டகைக்குச் செல்வார். கிராணி பாலை நிறுப்பார். கண்ணாடிக் கருவி ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டு அதில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று பார்ப்பார். பின் ஏட்டில் எழுதுவார். ஏட்டில் எழுதியதே கூலி. ஒரு காலத்தில் இருந்த கிராணி ஒருவர், தராசு காட்டியதை விடக் குறைத்தே எழுதி வந்தார். என் தாய் தோளில் உணர்ந்த பாரத்தை அன்றன்று லயத்துச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைத்தார். மாத முடிவில் இரண்டு நாட் கூலி குறைந்திருந்தது. மறுநாள், எல்லோரும் கூடி நிற்கையில், “நிறுத்துக் காட்டுங்கள் ஐயா, பிறகு எழுதுங்கள்” என்று கேட்டு நின்றார். அப்போது எனக்கு வயது பத்து. அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அஞ்சி நின்றேன். கிராணி மீண்டும் நிறுத்தார். அன்று முதல் எல்லோர் கண்ணெதிரிலும் நிறுக்கலானார்.

அத்தகைய தாய், நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“அப்படியானால் நீயும் அந்தக் கிராணி வேலைதான் பார்த்தாயா, தம்பி?”

அன்று இரவு எனக்கு உணவு இறங்கவில்லை.

இக்குற்றம் என்னைப் போன்ற சிறு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. மில்லிகன் 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, சோதித்த துளிகள் எல்லாம் இவையே என்று உரைத்தார். 1978-இல் ஜெரால்டு ஹோல்டன் என்னும் வரலாற்றறிஞர் மில்லிகனின் குறிப்பேடுகளை ஆராய்ந்து எழுதினார். அவற்றில் வேறு பல துளிகளும் இருந்தன. அவற்றை விலக்கியதற்குத் தக்க காரணம் இருந்தது என்பாரும், இல்லை என்பாரும் உளர். விலக்கியது தகுமோ தகாதோ, எல்லாம் இவையே என்ற சொல் மெய்யன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. மில்லிகன் தந்த எண் 1.592. உண்மையளவு 1.602. காற்றின் பிசுப்புத் தன்மைக்கு அவர் கொண்ட அளவு சிறிது பிழையாக இருந்ததே இதற்குக் காரணம். அவருக்குப் பின் அளந்தோர் உண்மையளவை ஒரே தாவலில் அடையவில்லை என்றும், சிறிது சிறிதாகவே நகர்ந்தனர் என்றும் 1974-இல் ரிச்சர்டு ஃபைன்மன் மாணவர் முன் பேசினார். மில்லிகனின் எண்ணுக்கு மிஞ்சி வந்தால் தம் வேலையில் பிழை தேடினர். அருகில் வந்தால் தேடவில்லை என்பது அவர் கருத்து. பெரியவர் வாக்கு, சோதனைச்சாலைக்குள்ளும் புகுந்து அறிவின் கையைப் பிடித்துக்கொண்டது! மேடைதோறும் பகுத்தறிவு பேசும் நாம் இதனைச் சிந்திக்க வேண்டாவா?

நேர்மாறான காட்சி ஒன்றும் நம்மவரிடையே உண்டு. 1923-இல் கல்கத்தாவில், சர் சி. வி. ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், திரவங்களில் ஒளியைச் செலுத்தியபோது வேறு நிறத்து மங்கிய ஒளி ஒன்று உடன் வரக் கண்டார். திரவத்தில் கலந்த மாசுதான் காரணம் என்று முதலில் எண்ணினர். மீண்டும் மீண்டும் தூய்மை செய்தனர். அவ்வொளி மறையவில்லை. வேண்டாத கறையென்று அதனைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கலாம், நீக்கினாரில்லை. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அம்மங்கிய ஒளியே புதிய உண்மை என்று தெளிந்தனர். 1930-இல் ராமனுக்கு நோபெல் பரிசு வந்தது. புறக்கணிக்காமல் விட்ட ஒரு முரண்பாடு தந்த பரிசு அது.

இவற்றையெல்லாம் மருமகளிடம் சொல்லிவிட்டு, “முரண்டு செய்யும் அத்துளியைக் காட்டு” என்றேன். அவள் காட்டினாள். ஐந்தில் மிக மெல்ல இறங்கியது அதுவே; ஆகவே மிகச் சிறியதும் அதுவே. எனக்கு ஒரு நினைவு வந்தது. “காற்றின் தடையைக் கணக்கிட்ட விதியில் திருத்தம் சேர்த்தாயா?” என்றேன். அவள் விழித்தாள்.

மிகச் சிறிய துளிக்குக் காற்று தொடர்ந்த பரப்பாக இராது; தனித்தனி அணுத்திரள்களாகவே இருக்கும். அவற்றின் ஊடே அது, விதி சொல்வதினும் சற்று விரைந்து வழுக்கி இறங்கும். ஆகவே திருத்தமின்றிக் கணக்கிட்டால் சிறு துளிகள் மிகுதியான மின்னளவைக் காட்டும். இதனை மில்லிகனே கண்டு திருத்தம் செய்தார். அவள் எறிந்துவிட எண்ணிய துளி, உண்மையில், “என்னை அளக்கும் உன் விதி குறையுடையது” என்று கூவிக்கொண்டிருந்தது!

அவள் ஐந்தையும் மீண்டும் கணக்கிட்டாள். சிறு துளி கீழிறங்கி மற்றவற்றை நெருங்கியது. மற்ற நான்கும் சிறிது இறங்கின. சராசரி 1.53 வந்தது. புத்தகத்தின் எண் இப்போதும் வரவில்லை. அவள் முகம் வாடியது. “மதிப்பெண் குறையுமே, மாமா” என்றாள்.

“குறையட்டும். ஐந்தையும் எழுது. திருத்தத்தை மறந்ததையும் எழுது” என்றேன்.

விடை தெரிந்த சோதனையை மாணவரை மீண்டும் செய்யச் சொல்வது ஏன்? இயற்கையைச் சோதிக்க அன்று, செய்பவரைச் சோதிக்கவே. நம் நகரிலிருந்து ஆயர் ஈத்தாம் செல்லும் சாலையில், பாரிட் ராஜாவில், 1993-இல் பாலிடெக்னிக் ஆசிரியர்க்குரிய பயிற்சி நிலையமாகத் தோன்றிய கல்விக்கூடம், 2007-இல் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்று நிற்கிறது. பால் சுமந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கருவிகளின் முன் அமர்கின்றனர். தராசும் ஏடும் இப்போது அவர்கள் கையில். கிராணியின் ஏட்டை எதிர்த்து நின்ற கூட்டம், தன் கையில் ஏடு வந்த நாளில் என்ன எழுதப் போகிறது? சங்கக் கணக்கிலும், கோயிற் கணக்கிலும், சோதனைக் குறிப்பிலும் வினா இது ஒன்றே.

எங்கள் தோட்டத்தில் இன்று பால்மரம் இல்லை, செம்பனை நிற்கிறது. கரிக்கோடிட்ட லயத்துச் சுவரும் இல்லை. என் தாயும் இல்லை. மருமகள் பென்சிலைக் கீழே வைத்தாள். பேனாவை எடுத்து 1.53 என்று எழுதினாள்.