நெற்றியில் விழுந்த கோடு

முகத்தில் சுருக்கம் விழுந்ததற்காக யார் வீட்டிலாவது பாயசம் வைப்பார்களா? எங்கள் வீட்டில் வைத்தார்கள். புருவத்தைத் தூக்கினால் நெற்றியில் கோடு விழும் என்பதையே நான் மறந்திருந்தேன். ஸ்கிளிரோடெர்மா வந்தவளின் முகம் வயதைக் காட்டாது. தோல் இறுகி, எலும்போடு ஒட்டி, மினுமினுவென்று இருக்கும். கல்யாண வீட்டில் "உனக்கு மட்டும் வயசே ஏறலையே, என்ன பூசறே?" என்று கேட்பார்கள். சிரித்துச் சமாளிக்கலாமென்றால் உதடு அந்த அளவுக்கு விரியாது.

நெற்றிக் கோட்டை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அத்தை. மாமியாரைத்தான் சொல்கிறேன். கரண்ட் பில்லைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். "ஏம்மா, இன்னொரு தடவை அப்படிப் பண்ணு" என்றார். பண்ணினேன். பேரனைக் கூப்பிட்டார். அவன் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோடு பாட்டி, மூணாவது லேசா" என்றான். சேமியாப் பாயசம். முந்திரி தீர்ந்திருந்தது, வேர்க்கடலையை உடைத்துப் போட்டார்.

டாக்டர் பார்க்கும் விதம் வேறு. அவரும் கிள்ளித்தான் பார்ப்பார், ஆனால் கணக்கோடு. முகம், நெஞ்சு, வயிறு. பிறகு இரண்டு பக்கமும் விரல், புறங்கை, முன்கை, மேல்கை, தொடை, முழங்காலுக்குக் கீழே, பாதம். மொத்தம் 17 இடம். தோல் சுலபமாக மடிந்தால் பூஜ்யம், மடியவே மடியாவிட்டால் மூன்று. எல்லாம் சேர்ந்து 51-க்கு எவ்வளவு என்று எழுதுவார். ராட்னன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரில் வழங்கும் கணக்கு இது. ஸ்கேனும் கிடையாது, மெஷினும் கிடையாது. இரண்டு விரல் போதும். இவ்வளவு பெரிய நோய்க்கு இன்னும் இப்படித்தான் அளக்கிறார்களா என்று முதலில் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. பிறகு அந்தக் கிள்ளலில் நம்பிக்கை வந்துவிட்டது. மகனுக்கு மார்க் குறைந்தால் திட்டு, எனக்குக் குறைந்தால் அவனுக்கும் சேர்த்து ஐஸ்கிரீம்.

ஐஸ்கிரீம் அவனுக்கு மட்டும்தான். கப்பைக் கையில் வாங்கினாலே என் விரல் வெளுத்துவிடும். ஆரம்பமே அதுதானே. ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. அஞ்செட்டியிலிருந்து விடியற்காலை பஸ். மலைப்பாதையில் தேன்கனிக்கோட்டை மேட்டுக்கு ஏற ஏறக் குளிர் கூடும். ராகி அறுப்பை ஒட்டி பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் இறங்கி வரும் காலம்; டிரைவர் விளக்கை மங்கவிட்டு நிறுத்திவிடுவார், அவை கடந்து போகும்வரை பஸ்ஸில் யாரும் பேச மாட்டார்கள். அப்படி நின்ற ஒரு நாள், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் நடுவிரல் பாதிவரை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்து சீட் பெண் குத்திப் பார்த்தாள், உணர்ச்சி இல்லை. கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்தது. ஓசூர் போய் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த பிறகு சிவந்து, தெறித்து வலித்தது. வெள்ளை, நீலம், சிவப்பு. 1862-லேயே பாரிஸில் மாரிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் தன் பட்ட ஆய்வில் இதை எழுதி வைத்துவிட்டார் என்பது எனக்குப் பல காலம் கழித்துத் தெரிந்தது. குளிருக்கு விரல் வெளுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலோருக்கு அது அதோடு நின்றுவிடும். எனக்கு நிற்கவில்லை. விரல் வீங்கியது, மோதிரம் இறங்கவில்லை, அப்புறம் வீக்கம் வற்றி, வற்றிய இடத்தில் தோல் கட்டியானது. சின்ன ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை என்னுடையது. இடுக்கி இருக்கிற இடம் கைக்குத் தெரியாமல் போனபோது வேலையை விட்டேன்.

ஊரில் குஷ்டம் என்று ஒரு பேச்சு வந்தது. கழுத்திலும் முன்கையிலும் கறுத்து, நடுநடுவே வெள்ளைப் புள்ளி விழுந்திருந்ததுதான் காரணம். தொற்றுகிற நோயே இல்லை இது. உடம்பின் காவல் படை உடம்பின் மேலேயே பாய்ந்து, காயமே இல்லாத இடத்தில் தழும்புத் திசுவைக் கட்டிக்கொண்டே போகிறது. பெண்களுக்குத்தான் அதிகம். இதையெல்லாம் யாரிடம் விளக்குவது? பக்கத்து வீட்டு அஜ்ஜி விளக்கம் கேட்கவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து நாலு பேரை ஏசிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை முழுக்க நடந்தார்.

ஏன் எனக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கல் தூசி ஒரு காரணம் என்பார்கள். 1914-லேயே எடின்பரோவில் பிராம்வெல் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த இந்த நோயாளிகளில் பாதிக்கு மேல் கல்தச்சர்களாக இருப்பதைக் கவனித்தார். குளிர்ந்த உளியைப் பிடிப்பதால் வருகிறதோ என்று நினைத்தார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் இதையே பார்த்தபோது பார்வை தூசியின் பக்கம் திரும்பியது. கிரானைட் அறுக்கும் மாவட்டத்தில் இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசலாம். ஆனால் என் விஷயத்தில் அது பொருந்தவில்லை. இருபது வருஷம் குவாரியில் கிடந்த சித்தப்பா தெம்பாக மாடு மேய்க்கிறார்.

நெற்றிக் கோட்டுக்கு வருகிறேன். அந்தக் கோட்டுக்கு யார் காரணம் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு தீரவில்லை. அத்தை வேப்பெண்ணெய் என்கிறார். வீட்டுக்காரர் மாதாமாதம் வாங்கி வரும் மைக்கோஃபீனோலேட் என்கிறார். அஜ்ஜி தன் நேர்த்திக்கடன் என்கிறார். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: முதல் சில வருஷம் இறுகிக்கொண்டே போகும் தோல், அதற்குப் பிறகு பலருக்குத் தானாகவே இளக ஆரம்பிக்குமாம். மருந்து தன் பங்குக்குத் தள்ளிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

1753-இல் நேப்பிள்ஸில் கார்லோ குர்ஸியோ என்ற வைத்தியர் ஒரு புத்தகம் வெளியிட்டார். பத்ரீஸியா கலியேரா என்று 17 வயதுப் பெண். உடம்பெல்லாம் தோல் இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், வாயைத் திறக்க முடியாமல் வந்தவள். வெதுவெதுப்பான பால், நீராவிக் குளியல், ரத்தம் எடுத்தல், கொஞ்சம் பாதரசம் என்று வைத்தியம் நடந்தது. மாதங்கள் போகப் போகத் தோல் இளகியது. குர்ஸியோ பெருமையோடு எழுதி வைத்தார். அவளுக்கு இருந்தது இதே நோய்தானா, தானே இளகிவிடும் வேறொன்றா என்று இன்றைக்கும் மருத்துவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் வீடுதான் நினைவுக்கு வருகிறது. பாலா, பாதரசமா, மாதாவா என்று அங்கேயும் ஒரு வழக்கு நடந்திருக்கும். எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் அவள் கழுத்தைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்திருப்பாள் இல்லையா. பாராட்டைப் பங்கு பிரிக்கக் காத்திருந்தால் பாயசம் ஆறிவிடும் என்பது என் கட்சி.

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றால் அவரைக்கொட்டை. பச்சைக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கினால் தோல் கையில் தங்கும், பருப்பு எகிறிப் பாத்திரத்தில் விழும். பிதுக்கப் பருப்புக் குழம்பு, கூடவே களி. குழம்பைவிட அந்தப் பிதுக்கலில்தான் பேச்சு நடக்கும். பெண்கள் நாலு பேர் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தால் ஊர்க்கதை முழுக்க வெளியே வரும். நோய் முற்றிய நாட்களில் நான் அந்த வட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விரல் நுனி ஒன்றோடொன்று சேரும், அழுத்தம்தான் வராது. கொட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். ஊறின தண்ணீரின் சில்லிப்பில் விரல் வேறு வெளுக்கும்.

போன சீசனில் அத்தை கொட்டையை வெந்நீரில் அலசி ஒரு கிண்ணத்தில் என் முன்னால் தள்ளினார். ஒன்றும் சொல்லவில்லை. முதல் கொட்டை நசுங்கியது. அடுத்தது வழுக்கியது. அப்புறம் ஒன்று எகிறிப் போய் அஜ்ஜியின் கன்னத்தில் அடித்தது. அஜ்ஜி கன்னத்தைத் தடவிக்கொண்டே, "இன்னொண்ணு அடி பாக்கலாம்" என்றார். அன்றைக்கு நான் பிதுக்கியது ஒரு கைப்பிடி இருக்கும். குழம்பில் எது என் பருப்பு என்று மகன் தேடிப் பார்த்தான்.

இதே நோயோடு வரைந்த ஓவியர் பால் க்ளேவைப் பற்றி ஒரு சுவரொட்டியில்தான் படித்தேன். ஜூன் 29 ஸ்கிளிரோடெர்மா தினம்; 1940-இல் அவர் இறந்த நாள். 1935-இல் உடம்பு படுத்தது. 1936-இல் 25 படம்தான். 1939-இல் 1,200-க்கும் மேல். கோடுகள் மட்டும் தடித்துக் கறுத்துவிட்டன. நோய் விட்டதால் அவர் வரையவில்லை. நோய் உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தது. கெட்டியாக எதையும் விழுங்க முடியாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாராம். அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. களி எனக்குத் திரும்பவில்லை. களியை மெல்லக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். என் உணவுக்குழாய்க்கு அந்தத் தெம்பு போய்விட்டது, நெஞ்சில் நின்றுவிடும். கூழாகக் கரைத்துக் குடிக்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் ராத்திரி புளிப்பு மேலேறும். இதற்குக் கொண்டாட்டம் ஒன்றும் கிடையாது.

வாய்க்கு உண்டு. குச்சி ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துத் திறந்து பழகச் சொன்னார்கள். கடைக்காரர் ஒரு கட்டு சும்மாவே கொடுத்தார். ஒரு குச்சி கூடினால் ஊருக்கே தெரியும், மகன் போய்ச் சொல்லிவிடுவான். பல் டாக்டரின் கண்ணாடி உள்ளே போன நாள், நான் ஆவென்று கத்தியது வலியால் என்று நினைத்து அவர் பதறினார்.

தோலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே நடப்பது கண்ணில் படாது. இந்த நோயில் திடீரென்று பிரஷர் ஏறினால் சிறுநீரகம் போகப்போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு காலத்தில் அப்படி ஆனவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் தாண்டவில்லை. கேப்டோப்ரில் வகை மாத்திரை வந்த பிறகு முக்கால்வாசிப் பேர் தாண்டினார்கள். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து அது. இதைச் சொன்னதும் அஜ்ஜி, காட்டோரத்தில் பாம்புக்குப் பயந்தே கிழவியானவர், ரொம்ப நேரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகவே பிரஷர் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதில் வரும் பெண் வாசலில் செருப்பை விடும்போதே "அக்கா, கையை வெயில்ல வெச்சிருங்க" என்பாள். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் என் குளிர்ந்த விரலில் எண்ணே காட்டாது. காது மடலில் மாட்டிப் பார்ப்பாள். இந்த மாசி மாதம் பழக்கத்தில் விரலிலேயே மாட்டினாள். 97. மறுபடி மாட்டினாள். 97-தான். "மெஷின் சரியாயிடுச்சு போல" என்றாள். "மெஷினுக்கு என்ன கேடு? நான்தான் சரியாயிட்டேன்" என்றேன். அத்தை அடுப்படியிலிருந்து, "வேப்பெண்ணெய்" என்று குரல் கொடுத்தார்.

வேர்வையும் வந்திருக்கிறது. இறுகின முன்கையில் வேர்வையே சுரக்காது, முடியும் முளைக்காது. சித்திரையில் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து வந்தபோது முழங்கைக்குக் கீழே பிசுபிசுத்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் துடைக்காமல் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "வேர்த்திருக்கு" என்றார். அவர் "யாருக்குத்தான் வேர்க்கல?" என்றார்.

நுரையீரல்தான் பாக்கி. அது இளகுவதில்லை; கெட்டுப்போனது கெட்டுப்போனதுதான், மேலே போகாமல் பிடித்து வைப்பதே வைத்தியம். 2019-இல் இந்த நோயின் நுரையீரல் பாதிப்புக்கென்று நின்டெடனிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் சரிவை மெதுவாக்குமே தவிர மீட்டுத் தராது. போன தடவை ஊதிப் பார்க்கும் சோதனையில் பழைய எண்ணே வந்தது. டாக்டர் "அப்படியே இருக்கு" என்றார். வெளியே வந்து சொன்னதும் வீட்டுக்காரர் ஹோட்டலில் எனக்கு ரவா கேசரி சொன்னார். அப்படியே இருப்பதற்குக் கேசரி, கோடு விழுந்ததற்குப் பாயசம். செலவு கூடிக்கொண்டே போகிறது என்று அவரே கணக்கும் சொன்னார்.

அடுத்த சோதனை மார்கழியில். அன்றைக்குக் காலை பஸ்ஸுக்குக் கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி. அவரைக்கொட்டை அப்போதுதான் சந்தையில் விலை இறங்கும் என்பதால், போய் வந்த மறுநாளைக்கு இரண்டு படி ஊறப்போடுவதாக அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அதில் ஒரு படி என் கணக்காம்.