தண்ணிக்குப் பட்டா கிடையாது

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. நடுவுல ஒரு வீட்டு விஷயமா மேப்பும் கையுமா அலைஞ்சதுல, எழுத ஒரு மேட்டர் சிக்கிச்சு. கொஞ்சம் நீளமான பதிவுதான். மனை வாங்குற யோசனையில இருக்கிறவங்களாவது முழுசா படிச்சிருங்க :-)

மேப்புன்னாலே இப்ப நமக்கு ஞாபகம் வர்றது ஒரு நீலப் புள்ளியும், "இடதுபக்கம் திரும்பவும்"னு சொல்ற அம்மணி குரலும்தான். வழி கேக்குறதுக்கு அது போதும். ஆனா "இங்க வீடு கட்டலாமா", "இந்த ஏரிக்கு எல்லை எது", "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்"னு கேட்டா அம்மணி வாயைத் திறக்க மாட்டாங்க. அதுக்கு வேற மேப்புங்க வேணும். அதுவும் ஒண்ணு போதாது. இன்ஜினியரிங் டிராயிங்ல ட்ரேசிங் பேப்பர் வச்சுப் படம் எடுப்போமே, அந்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாக்கணும். ஜிஐஎஸ் ஜிஐஎஸ்னு பெருசா சொல்றாங்களே, அதோட சாரம் இவ்வளவுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க சித்தப்பா போன வருஷம் ரிட்டயர் ஆனார். வந்த பணத்துல முடிச்சூர் தாண்டி ஒரு அரை கிரவுண்ட் வாங்கிப் போடலாம்னு ஆசை. புரமோட்டர் கொடுத்த கலர் நோட்டீஸை வாட்ஸப்ல அனுப்பிட்டு, "நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே, இதையும் பாத்துச் சொல்லுடா"ன்னார். நம்ம வீடுகள்ல சாஃப்ட்வேர் இன்ஜினியர்னா பிரிண்டர் ரிப்பேர்ல இருந்து நிலம் வாங்குறது வரைக்கும் எல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை :-)

முடிச்சூர்னு கேட்டதுமே எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. 2015 டிசம்பர்ல நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். டிசம்பர் 1ந் தேதியில இருந்து 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் படகு விட்டாங்க. அந்த நாள்ல தன்னார்வலர்கள் சேர்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல ஒரு வெள்ள மேப் போட்டாங்க. உங்க தெருவைக் கிளிக் பண்ணினா "இங்க தண்ணி நிக்குது"ன்னு பதிவாகும். நானும் ஹாஸ்டல்ல உக்காந்து, போன்ல ஆளுங்களைப் பிடிச்சுக் கேட்டுக் கேட்டு நாலஞ்சு தெருவைக் குறிச்சிருக்கேன். மேப்ங்கிறது பாக்குறதுக்கு மட்டுமில்ல, நாமும் அதுல எழுதலாம்னு எனக்குத் தெரிஞ்சது அன்னிக்குத்தான்.

சித்தப்பா மனைக்கு கியூஜிஐஎஸ்ஸைத் திறந்து வச்சு உக்காந்தேன். (இலவசம்தான். மென்பொருள்ல பழக்கம் இல்லாதவங்களும் ரெண்டு வாரத்துல கத்துக்கலாம்.)

முதல் அடுக்கு, நில உயரம். 2000 பிப்ரவரியில எண்டெவர் விண்கலம் 11 நாள் சுத்தி, ரேடார் வச்சு உலகத்தோட பெரும்பகுதிக்கு உயரம் அளந்துச்சு. அந்தத் தரவு இப்ப எல்லாருக்கும் இலவசம். ஆனா அதுல ஒரு புள்ளின்னா தரையில சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, நாலு கிரவுண்டுக்கு ஒரே ஒரு உயரம்! ரேடாருக்குத் தரை எது, தென்னை மரத்தோட தலை எதுன்னு வேற சரியாத் தெரியாது. அளவுல சில மீட்டர் முன்னப்பின்ன இருக்கும். மலைநாட்டுக்கு ஓகே. ரெண்டடி மேடு பள்ளம்தான் தலையெழுத்தை நிர்ணயிக்கிற நம்ம ஊருக்கு இதை வச்சு ஒரு மனையைப் பத்தித் தீர்ப்பு சொல்ல முடியாது.

ரெண்டாவது, செயற்கைக்கோள் படம். 1984ல இருந்து எடுத்த லேண்ட்சாட் படங்களை அலசி, எந்த இடத்துல எத்தனை தடவை தண்ணி தெரிஞ்சதுன்னு ஒரு உலக மேப் இருக்கு. அதுல சித்தப்பா மனை சுத்தமா வறண்ட நிலம். நிம்மதியா? இல்ல. ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். மழை நாள்ல மேகம் மறைச்சுக்கும். மூணு நாள் நின்னுட்டு வடிஞ்ச வெள்ளம் அதோட கண்ணுல படாமலே போயிடலாம். "தண்ணி தெரியல"ங்கிறதும் "தண்ணி வரல"ங்கிறதும் ஒண்ணு கிடையாது.

மூணாவது, சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோப்போ ஷீட். ஒரு செ.மீ.க்கு 500 மீட்டர். இதுல ஒரு விஷயம் சொல்லணும். வருஷம் பூரா தண்ணி இல்லாத ஓடையை இந்த ஷீட்ல கருப்புக் கோடாத்தான் போடுவாங்க. நீலத்தை மட்டும் தேடினா அது சிக்காது. அந்த ஷீட்ல, மேல இருக்கிற ஏரியோட கரையில இருந்து ஒரு மெல்லிய கருப்புக் கோடு கிளம்பி அடையாறு பக்கமா இறங்குது. கால் மில்லிமீட்டர் கோடு தரையில பன்னெண்டு மீட்டருக்கு மேல. லேஅவுட் பக்கம் போகுதுன்னு சொல்லலாம். இந்த மனையில போகுதுன்னு சொல்ல முடியாது.

நாலாவது, வருவாய்த் துறையோட புல வரைபடம், அதாவது எஃப்எம்பி. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் சங்கிலி பிடிச்சு அளந்து போட்ட படம். அளவு துல்லியமா இருக்கும். ஆனா பழைய படங்கள்ல அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் கிடையாது. தரையில சர்வே கல் எங்க இருக்குன்னு பாத்து, மூணு நாலு புள்ளியாவது பொருத்தினாத்தான் மத்த அடுக்கு மேல உக்காரும். பொருத்திப் பாத்தேன். லேஅவுட்டுக்கு மேற்கே இருக்கிற சர்வே நம்பர்ல "வாய்க்கால்"னு போட்டிருக்கு. அது லேஅவுட் எல்லையில நின்னு போச்சு. கிழக்கே இருக்கிற நம்பர்ல மறுபடியும் வாய்க்கால் ஆரம்பிக்குது. நடுவுல இருக்கிறது பூரா பட்டா நிலம்!

காகிதப்படி குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. பட்டா இருக்கு, வில்லங்கம் இல்ல, அனுமதி இருக்கு. ஆனா வாய்க்கால் ஒரு பக்கம் முங்கி மறுபக்கம் எந்திரிக்குமா என்ன?

"சித்தப்பா, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருவோம்"னு கூட்டிட்டுப் போனேன். செம்மண் கொட்டி, கலர் கலரா கொடி கட்டி ஜம்முனு இருந்துச்சு. பக்கத்துல ஆடு மேய்ச்சுக்கிட்டு ஒரு ஆயா. "கவுருமெண்ட்டு ஆளாப்பா?"ன்னாங்க. இல்ல ஆயா, மனை பாக்க வந்தோம்னேன். சித்தப்பாவை ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாங்க: "ஏரி ரொம்பி கலங்கல் ஓடுச்சின்னா தண்ணி இந்தாண்டதான் போவும். அது இன்னா பட்டாவைப் பாத்துட்டா போவும்?"

கூட்டிட்டுப் போய் ஒரு பழைய மோட்டார் ரூம் சுவத்தைக் காட்டினாங்க. என் இடுப்பு உயரத்துல சேறு படிஞ்ச கறை, கோடு போட்ட மாதிரி.

நாலு அடுக்கும் அரைகுறையாச் சொன்னதை அஞ்சாவது அடுக்கு ஒரே வரியில சொல்லிடுச்சு. அதுக்காக மேப்பெல்லாம் வீண்னு நான் சொல்லல. ஆயா சொல்றதை மட்டும் எடுத்துட்டுப் போனா எந்த ஆபீஸ்லயும் ஏத்துக்க மாட்டாங்க. வாய்க்கால் ரெண்டு பக்கமும் இருக்கிற எஃப்எம்பியும், டோப்போ ஷீட் கோடும், சுவத்துக் கறையும் ஒரே இடத்துல பொருந்தி நிக்கும்போதுதான் அது சாட்சி ஆகுது.

சித்தப்பா வாங்கல. ஆனா அந்த மனை காலியா இல்ல. ரெண்டே வாரத்துல வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்னு புரமோட்டர் ஆளே போன் பண்ணி, "மிஸ் பண்ணிட்டீங்க சார்"னு சொன்னாராம். எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு. தண்ணி எங்க வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிடுச்சு, அவ்வளவுதான். அவங்களுக்கு மேப் பாக்குற பையன் இல்ல. வாங்குற ஒவ்வொருத்தரும் கியூஜிஐஎஸ் கத்துக்கிட்டுத்தான் தப்பிக்கணும்னா அது என்ன ஏற்பாடு? இந்த அடுக்கெல்லாம் மனை பிரிக்க அனுமதி கொடுக்கிற மேஜையில முதல்ல விரியணும். அதே மேப் ஊர் ஜனங்க கண்ணுக்கும் தெரியணும்.

சட்டத்துல இதுக்கு இடம் இல்லாமலும் இல்ல. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ல தமிழ்நாட்டுல போட்ட சட்டம், பொதுப்பணித் துறை ஏரிகளை முதல்ல அளந்து எல்லை காட்டுற படம் தயாரிக்கணும்னுதான் ஆரம்பிக்குது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பாருங்க. 2022ல சுமார் 1,248 ஹெக்டேரோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு. ஆனா அந்தக் கோடு தரையில எந்தக் கல்லுல ஆரம்பிச்சு எந்தக் கல்லுல முடியுதுங்கிறது வழக்காச்சு. எல்லையை அளந்து முடிக்கிற வரைக்கும் சுத்தி 1 கி.மீ.க்குள்ள கட்டட அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு 2025 செப்டம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்ற அளவுக்குப் போச்சு. பட்டியல்ல பேர் ஏறுறது ஒரு வேலை, தரையில கோடு போடுறது இன்னொரு வேலை. ரெண்டாவது இல்லாம முதலாவதால சதுப்புநிலத்துக்குப் பெருசா லாபமில்ல.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். மேப் எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழணும். 2015 வெள்ளத்துக்கப்புறம் அடையாறு, கூவம் கரையோரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனாங்க. வெள்ள ஆபத்துல இருந்து காப்பாத்தத்தான்னு காரணம். அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டின தாழ்வான இடம். குடிசையை எடுக்க ஒரு மேப், மாடிக்கட்டடம் எழும்ப இன்னொரு மேப்னு இருந்தா, அதுக்கு மேப்பே இல்லாம இருக்கலாம்.

நம்மளால ஆகுறது என்ன? பெருசா ஒண்ணும் வேணாம். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்துக்கும் நம்ம ஊராட்சிகள்ல கிராம சபை உண்டு. உங்க ஊர் ஏரி, வரத்துக் கால்வாய், கலங்கல், கலங்கல் தாண்டித் தண்ணி போற வழி, இவ்வளவையும் சர்வே நம்பரோட ஒரு பெரிய ஷீட்ல பிரிண்ட் எடுங்க. சபை கூடறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே டீக்கடைச் சுவத்துல ஒட்டி, பக்கத்துல ஒரு பேனாவைக் கட்டித் தொங்க விடுங்க. பெருசுங்க வந்து திருத்துவாங்க. அந்தத் திருத்தத்தோட கிராம சபையில வச்சுத் தீர்மானமாப் போடச் சொல்லுங்க. நாளைக்கு லேஅவுட் ஃபைல் வரும்போது அந்தத் தீர்மானத்தைத் தாண்டித்தான் போகணும்.

முதல் ஷீட்டை நான் போட ஆரம்பிச்சுட்டேன். ஆயா காட்டின வழிதான் அதுல முதல் கோடு.

டிஸ்கி: எஃப்எம்பி பொருத்துறதுல சந்தேகம் இருந்தா பின்னூட்டத்துல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். "எந்த ஏரியால மனை வாங்கலாம்"னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு உங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவங்களைக் கேளுங்க :-)