காத்தை எறக்குங்கய்யா!

மலையேறும் சைக்கிளுக்கு உவரியில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? டீக்கடையிலும் அதையேதான் கேட்டார்கள்.

குற்றம் என்னுடையதல்ல. ஆபீஸ் நண்பர் ஒருவர் 21 கியர் சைக்கிள் வாங்கிவிட்டார். வாங்கிய நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. "மலை, சேறு, சறுக்கல்... அதான் சார் லைஃப்! மாஞ்சோலைக்குப் போவோம்" என்று ஒரே அரிப்பு. அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். புலியைக் கேட்காவிட்டாலும் வனத்துறையைக் கேட்க வேண்டும். "மலைதானே வேணும்? மணல் மலை இருக்கு, வாரும்" என்று ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை உவரிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு வாகனம், அப்பா காலத்துக் கறுப்பு அட்லஸ்.

உவரியில் கப்பல் வடிவத்திலேயே கட்டிய கப்பல் மாதா கோயிலைப் பார்த்தோம். கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமியையும் கும்பிட்டோம். அங்கே கடலுக்குள் இறங்கி ஓலைப்பெட்டியில் மணல் அள்ளி, தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவது நேர்த்திக்கடன். நண்பர் சிரித்தார். "மணல் சுமக்கறதுக்கு ஒரு வேண்டுதலா சார்?" சாமி காதில் அது விழுந்துவிட்டது என்பது மத்தியானம்தான் தெரிந்தது.

இடையன்குடி பக்கமாக உள்ளே திரும்பினோம். வெள்ளை மணல் போய்ச் செக்கச் செவேலென்று தேரி. இரும்புச் சத்து ஏறிய மணல். அதனால் அந்த நிறம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று இதைக் கிளப்பிக் கிளப்பி மேடாகக் குவிக்கிறது. நேற்றுப் போன வண்டித்தடம் இன்று இருக்காது. இந்த மாவட்டத்துத் தேரிகளில் கற்கால மனிதனின் சின்னஞ்சிறு கல் கருவிகள் கிடைத்ததைப் பற்றி ஸாய்னரும் ஆல்சினும் 1956-ல் எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதன் நடந்து போயிருப்பான். புத்திசாலி.

நாங்கள் மிதித்தோம். கியரை எதில் போட்டாலும் பின்சக்கரம் நின்ற இடத்தில் குழி தோண்டியது. எதிர்க்காற்று வேறு, கண், காது, வாய் எல்லாம் மணல். உருட்டினோம். பிறகு தூக்கினோம். (மணல் சுமக்கவில்லை, சைக்கிள் சுமந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.) ஒரு மணிக்குத் தண்ணீர் பாட்டில் காலி. வந்த தடத்தையும் காணோம். நாலு பக்கமும் பனை, ஒன்று போலவே இன்னொன்று. நண்பர் பேச்சை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. திடீரென்று உட்கார்ந்து, "கண்ணு இருட்டுது சார்" என்றார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

பனையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். "எங்க போறிய? சைக்கிள் உங்கள ஏத்திட்டுப் போவா, நீங்க அத ஏத்திட்டுப் போவா?" கேட்டபடியே ஓலைப் பட்டையில் பதனீர் ஊற்றித் தந்தார். நண்பர் மூன்று பட்டை குடித்த பிறகு கண் வெளிச்சம் வந்தது. பெரியவர் டயரை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கே. காத்தை எறக்குங்கய்யா! மணலு மேல போவணும், உள்ள போவக்கூடாது."

பாதிக் காற்றை இறக்கினோம். டயர் சப்பையாகி அகலமாக மணலில் படிந்தது. பாரம் பரவுவதால் சக்கரம் புதையவில்லை. ரொம்ப இறக்கினால் ரிம் இடித்து டியூப் கிழியும், அதற்கும் அவர் விரல்தான் அளவு. வாலிபத்தில் இதே மணலில் கேரியரில் கருப்பட்டி ஏற்றிப் போனவராம். கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைப்பாதையில் உருட்டிவிட்டு 1976-ல் 'ரீபேக்' என்று பந்தயம் வைத்தார்கள். 1996-ல் மலை சைக்கிள் ஒலிம்பிக்ஸுக்கே போனது. நம் ஊர்க் கருப்பட்டி வியாபாரிகளுக்குப் பந்தயம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மிதித்தே இடையன்குடி சேர்ந்தோம். 1841-ல் கால்டுவெல் வந்து தங்கிய ஊர். மனிதர் சென்னையிலிருந்து நடந்தே வந்தவர் என்றேன். நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றை இறக்கினோமே தவிர, பம்ப் கொண்டுபோகவில்லை! தார் ரோட்டில் சப்பை டயருடன் திரும்பிய கதையை விட்டுவிடுங்கள்.

கார்த்திகையில் மழை விட்டதும் மறுபடி போனோம். "இப்போ சேறு இருக்கும் சார்!" என்று நண்பருக்கு ஆசை. தேரியாவது, சேறாவது! பெய்த மழையை அப்படியே குடித்துவிடுகிறது. ஈரத்தில் மணல் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சிமெண்ட் தரை மாதிரி கிடந்தது. காற்றை இறக்காமலே மேட்டில் ஏறி, சர்ரென்று இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் சவாரி முடிந்துவிட்டது.

பெரியவரைத் தேடினோம். அவரது விடிலி பூட்டிக் கிடந்தது. பதனீர்க் காலம் முடிந்து மாசக்கணக்காகிறது, இனி பங்குனிக்குத்தான் மரம் ஏறுவார் என்றார் ஆடு மேய்த்த அம்மா. நண்பர் கொஞ்ச நேரம் பனை உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஆடிக்கு இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டார். பம்ப் என் பொறுப்பு.